டிராபேக் வந்தால் ஸ்வீட்

சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை ஆங்கிலம் சொல்லித்தரும் இடங்களில் எல்லாம் ஒரு தாள் சுற்றிக்கொண்டிருக்கிறது. யார் முதலில் தட்டச்சு செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்து மங்கிப்போய், இப்போது வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாகவும் வந்துவிட்டது. இடப்பக்கம் மேலே 'அட்வான்டேஜ்', அதன் கீழே பெனிஃபிட், மெரிட், ப்ரோ, ப்ளஸ், அப்சைடு, பெர்க், அசெட் என்று வரிசை. வலப்பக்கம் மேலே 'டிஸ்அட்வான்டேஜ்', அதன் கீழே டிராபேக், டிமெரிட், கான், டவுன்சைடு, ஸ்னாக், கேட்ச், பிட்ஃபால், ஹேண்டிகேப். அடியில் கட்டம் கட்டி ஓர் அறிவுரை: ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள், மாற்றி மாற்றிப் போடுங்கள். இந்தக் கடைசி வரியோடுதான் எனக்கு ரொம்ப நாளாகத் தகராறு.

தாள் எங்கிருந்து முளைத்தது என்பது புரியாமல் இல்லை. வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள் என்னிடம் மாலையில் வருகிறார்கள். நர்ஸ்கள் பலர் மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வுப் பக்கம் போய்விடுகிறார்கள், அங்கே நோயாளியைப் பற்றிக் கடிதம் எழுதினால் போதும். ஐஇஎல்டிஎஸ்ஸின் இரண்டாவது எழுத்துப் பணி அப்படி விடாது. நாற்பது நிமிடம், குறைந்தது 250 சொற்கள், ஒரு கட்டுரை. அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: இதில் உள்ள அட்வான்டேஜ்கள் டிஸ்அட்வான்டேஜ்களை விஞ்சுகின்றனவா? திருத்துகிறவர்கள் பார்க்கும் நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளம், நான்குக்கும் சம மதிப்பெண். 'டிஸ்அட்வான்டேஜ்' என்று பக்கத்துக்கு ஐந்து முறை எழுதினால் சொல்வளம் எங்கே இருக்கிறது என்ற பயம் வரத்தான் செய்யும். அந்தப் பயத்தைத்தான் அந்தத் தாள் விற்கிறது.

பயத்துக்கு முன்பே பழக்கமும் இருக்கிறது. தொலைக்காட்சியின் நன்மை தீமைகள், கைப்பேசியின் நன்மை தீமைகள், அறிவியல் ஆக்கமா அழிவா என்று எழுதி வளர்ந்தவர்கள் நாம். நன்மைக்கு ஒரு பத்தி, தீமைக்கு ஒரு பத்தி, கடைசியில் ஓர் அன்னப்பறவை வந்து பாலைக் குடித்துத் தண்ணீரை விட்டுவிட்டுப் பறந்துவிடும். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு அதுவே மெரிட்ஸ் அண்ட் டிமெரிட்ஸ், ஐந்து மதிப்பெண். எனக்குத் தெரிந்து எந்தப் பிள்ளையும் தொலைக்காட்சியை விட்டதும் இல்லை, அந்தக் கட்டுரையில் மதிப்பெண் இழந்ததும் இல்லை. இரண்டு தட்டும் சமமாக நிற்க வேண்டும் என்பதுதான் நாம் கற்றுக்கொண்டது. எந்தச் சொல்லை எந்தத் தட்டில் வைக்கிறோம் என்பதை யாரும் கேட்டதில்லை.

ஏற்றுமதி ஆபீஸிலிருந்து வந்த பையன்

துண்டும் படுக்கை விரிப்பும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் டாகுமென்டேஷன் பார்க்கும் பையன் ஒருவன் வகுப்புக்கு வந்தான். கனடா போகும் எண்ணம். ஆபீஸ் முடித்து, வண்டியை வாசலில் போட்டுவிட்டு, எப்போதும் பாதி வகுப்பில்தான் உள்ளே நுழைவான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதிகம் பேசமாட்டான். அன்றைக்கு அந்தத் தாளை வேறொரு மாணவி வெளியிலிருந்து கொண்டுவந்திருந்தாள். எல்லோருடைய போனுக்கும் அது போனது. இவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினான்.

"மேம், இதுல ஒண்ணு தப்பா இருக்குதுங்க."

"எது?"

"டிராபேக்கை மைனஸ் பக்கம் போட்டிருக்காங்க. அது ப்ளஸ்ல வரணும்."

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "இல்லைங்க மேம், எங்க ஆபீஸ்ல டிராபேக் வந்தா ஓனர் எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கித் தருவாருங்க. லேட்டானாத்தான் கத்துவாரு."

வகுப்பில் பாதிப் பேருக்கு அவன் என்ன சொல்கிறான் என்றே புரியவில்லை. போர்டுக்கு வரச் சொன்னேன். தயங்கித் தயங்கி வந்தவன், மார்க்கர் கையில் வந்ததும் ஆளே மாறிவிட்டான். வெளிநாட்டுக்குப் போகும் துண்டில் இறக்குமதிச் சாயமும் ரசாயனமும் சேர்ந்திருக்கின்றன. அவை நாட்டுக்குள் வந்தபோதே சுங்க வரி கட்டியாயிற்று. துண்டு இங்கே விற்றால் அந்த வரி அரசாங்கத்தோடு போகட்டும். வெளிநாட்டுக்கு அனுப்பினால், நம் வரியை வெளிநாட்டுக்காரன் தலையில் கட்டி விலையை ஏற்றுவானேன் என்று அரசாங்கம் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. அதன் பெயர் டியூட்டி டிராபேக். 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 75-ஆம் பிரிவு. எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று ஆல் இண்டஸ்ட்ரி ரேட் என்றொரு பட்டியல் இருக்கிறது. கணினியில் பதிவாகும் ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதி ஆவணமே விண்ணப்பம் மாதிரி, தனியாக மனு போட வேண்டாம், பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். தூத்துக்குடியில் கப்பல் கிளம்பியதும் ஆபீஸில் கேட்கும் முதல் கேள்வியே டிராபேக் எப்போது விழும் என்பதுதானாம். ஐந்து நிமிடத்தில் அழகாகச் சொல்லி முடித்தான். அவ்வளவு சரளமாக அவன் ஆங்கிலம் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

அவன் சொன்னது புதுப் பயன்பாடும் இல்லை, இந்தியக் குமாஸ்தாக்கள் கிளப்பிவிட்டதும் இல்லை. ஆடம் ஸ்மித் 1776-ல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' நூலில் நான்காம் பகுதியின் நான்காவது அத்தியாயத்துக்குத் தலைப்பே டிராபேக்குகளைப் பற்றி என்பதுதான், அதில் அவர் பேசுவது இந்த வரித் திருப்பலைத்தான். கட்டியதிலிருந்து கொஞ்சம் திரும்ப இழுத்துக்கொள்வது. குறை என்ற பொருளில் வரும்போதும் இழுப்பு அதேதான், இழுபடும் பொருள்தான் வேறு: கையில் இருக்கும் ஒரு நல்ல விஷயத்திலிருந்து கொஞ்சத்தை அது பின்னால் இழுக்கிறது.

பையன் இடத்துக்குத் திரும்பிப் போன பிறகு எனக்குள் ஏதோ ஒன்று சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. பின்னால் இழுக்க வேண்டுமென்றால் முதலில் முன்னால் ஏதாவது இருக்க வேண்டும். டிராபேக் என்று ஒருவர் சொன்னால் அந்தப் பொருள் மொத்தத்தில் அவருக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். "வீடு நன்றாக இருக்கிறது, ஒரே டிராபேக் தண்ணீர்" என்றால் அந்த ஆள் பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். வீடே பிடிக்காதவர் அந்தச் சொல்லைத் தேடிப் போகமாட்டார். அன்றைக்கு என் மேசையில் திருத்தக் கிடந்த ஒரு கட்டுரையில் புகைபிடிப்பதற்குப் பல டிராபேக்குகள் உள்ளன என்று இருந்தது. இலக்கணம் சரி, எழுத்துப்பிழை இல்லை. படித்தால், சிகரெட்டை ரசித்து இழுத்துக்கொண்டே "எல்லாம் சரிதான், இந்தப் புற்றுநோய்தான் கொஞ்சம் இடிக்கிறது" என்று ஒருவர் சொல்வதுபோல் இருக்கிறது. எழுதிய பெண்ணோ புகை வாசம் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். தாள்தான் அவளை அப்படிப் பேச வைத்திருக்கிறது.

யாருக்கு முன்னால்?

அப்புறம் அந்தத் தாளில் இருந்த மற்றச் சொற்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரிக்க ஆரம்பித்தோம். மேலே தலைப்பாக உட்கார்ந்திருக்கும் அட்வான்டேஜே முதல் குற்றவாளி. பழைய பிரெஞ்சில் 'அவான்' என்றால் முன்னால். முன்னால் நிற்கும் நிலைதான் அட்வான்டேஜ். தொடக்கத்தில் 'அ'வுக்கு அடுத்து வரும் 'ட்' ஒலிக்குரிய எழுத்து பிரெஞ்சிலிருந்து வந்ததே இல்லை. லத்தீனின் 'அட்' என்ற முன்னொட்டு இருக்கும் என்று தப்பாக நினைத்து ஆங்கிலேயர்கள் பிற்பாடு செருகியது. டென்னிஸில் ட்யூஸ் என்ற சமநிலைக்குப் பிறகு ஒரு புள்ளி எடுத்தவருக்கு நடுவர் அந்தச் சொல்லைச் சொல்கிறாரே, அங்கேதான் அது அசல் பொருளில் இருக்கிறது. ஒருவர் முன்னால் நின்றால் இன்னொருவர் பின்னால் நின்றாக வேண்டும். பெனிஃபிட்டுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. அது வெறும் நன்மை, ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கலாம். காலையில் நடப்பதற்கு பெனிஃபிட் உண்டு. சின்ன வயதிலேயே வீட்டில் ஆங்கிலம் பேசிய பிள்ளைக்கு இன்டர்வியூவில் கிடைப்பது அட்வான்டேஜ், ஏனென்றால் பக்கத்து நாற்காலியில் அது கிடைக்காத பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளையைச் சொல்ல ஆங்கிலத்தில் டிஸ்அட்வான்டேஜ்டு என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நாம் பின்தங்கிய என்கிறோம். தீமை என்ற சொல்லை அங்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், நிற்காது.

ஹேண்டிகேப்பின் கதை இன்னும் வேடிக்கை. தொப்பிக்குள் கையை விட்டு ஆடிய ஒரு பழைய பண்டமாற்றுப் பந்தயத்திலிருந்து வந்த பெயர், பிறகு குதிரைப் பந்தயத்துக்குப் போனது. அங்கே வேகமாக ஓடும் குதிரையின் முதுகில்தான் கூடுதல் எடை ஏற்றுவார்கள், போட்டி ஓரளவு சமமாக இருக்கட்டும் என்று. ஆக ஹேண்டிகேப் முதலில் வலியவனுக்குக் கிடைத்தது. பின்னால் அது மாற்றுத்திறனாளிகள் மேல் ஒட்டி, இன்றைக்கு நல்ல ஆங்கிலத்தில் மனிதர்களைப் பற்றிச் சொல்லத் தயங்கும் சொல்லாகிவிட்டது. இதையும் 'டிராபேக்குக்குப் பதில்' என்று தாள் தூக்கிக் கொடுக்கிறது.

ஸ்னாக் என்பது ஆற்றில் தண்ணீருக்கடியில் மறைந்து படகை மாட்டிவிடும் மரக்கட்டை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது எதிர்பாராமல் தட்டுவது, பெரும்பாலும் எடுத்துப் போட்டுவிடலாம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஓர் எழுத்து மாறியிருப்பது ஸ்னாக். அதையே கேட்ச் என்றால் எதிரில் ஒரு கை இருக்கிறது என்று சந்தேகம் வந்துவிடும். ஏற்காடு அடிவாரத்தில் பாதி விலைக்குப் பிளாட், பத்திரச் செலவும் நாங்களே என்று நோட்டீஸ் வந்தால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டியது "வாட்ஸ் தி கேட்ச்" என்றுதான். அந்த இடத்தில் "வாட்ஸ் தி டிமெரிட்" என்று கேட்டால் விற்கிறவர் நிம்மதியாகப் பதில் சொல்வார். பிட்ஃபால் மிருகம் பிடிக்கத் தோண்டிய குழி, பார்த்து நடந்தால் தப்பலாம், அதனால் அது புதிதாக ஒரு காரியத்தில் இறங்குகிறவனுக்குச் சொல்லும் எச்சரிக்கை. பெர்க் என்பது பெர்க்விசிட்டின் வால் நறுக்கிய வடிவம், வேலையோடு சேர்ந்து வருவது. ஸ்டீல் பிளான்டில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் யாரையாவது கேட்டால் படிவம் 16-ல் அந்தச் சொல் வந்து வரி பிடித்த கதையை விலாவாரியாகச் சொல்வார்கள். மழையின் பெர்க்குகள், மாம்பழத்தின் பெர்க்குகள் என்றெல்லாம் எழுதினால் மாம்பழத்துக்கு யாரோ சம்பளம் கொடுக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

ஒரு ஹோம்ஸ்டேயும் மூன்று குறைகளும்

ஏற்காட்டில் நாகலூர் பக்கத்திலிருந்து ஒரு மாணவி. வீட்டில் கொஞ்சம் காபி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகு, இரண்டு அறை சேர்த்துக் கட்டி ஹோம்ஸ்டேயாக விட்டிருக்கிறார்கள். இணையத்தில் போடுவதற்கு அவளே ஆங்கிலத்தில் ஒரு விவரம் எழுதிக்கொண்டுவந்தாள். முதல் தலைப்பு அட்வான்டேஜஸ், கீழே ஆறு. அடுத்த தலைப்பு டிஸ்அட்வான்டேஜஸ், கீழே மூன்று: கடைசித் தூரம் மண்பாதை, மழை பெய்தால் கார் ஏறாது. போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது. பொழுது சாய்ந்தால் தோட்டத்துக்குள் காட்டெருமை வரும். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருந்தாள், அன்னப்பறவை மட்டும்தான் பாக்கி.

இரண்டாவது தலைப்பை எடுத்துவிடலாமே என்றேன். அவள் போனில் அப்பாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். "அதெப்படி கண்ணு, வழி மோசம்னா மோசம்னு எழுதிப்போடு. ஏமாந்து வந்தவன் ராத்திரி பூரா நம்மளத் திட்டிக்கிட்டே கெடப்பான்" என்றார். நியாயம்தான். மறைக்கச் சொல்வது என் நோக்கமும் இல்லை. அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்துவிட்டு, "சிக்னல் இல்லாதது யாருக்குங்க குறை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சிரித்தார். "போன மாசம் பெங்களூர்ல இருந்து வந்தவங்க அதுக்குத்தான் வந்தோம்னாங்க மேடம். எம் பையனுக்குத்தான் அது குறை" என்றார்.

ஆங்கிலத்தில் விருந்தாளிகளுக்கு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் எந்தக் குறைச்சொல்லையும் தொடுவதில்லை. "ப்ளீஸ் நோட்" என்று தொடங்கி விஷயத்தை மட்டும் சொல்லிவிடுவார்கள். கடைசித் தூரம் ஜீப்பில் அழைத்துப் போகிறோம், மாலைக்குப் பிறகு தனியாகத் தோட்டத்துக்குள் போக வேண்டாம், அறையில் சிக்னல் இருக்காது. தகவல் ஒன்றுகூடக் குறையவில்லை. அது குறையா நிறையா என்ற தீர்ப்பு வருகிறவரிடம் போய்விட்டது. டிஸ்அட்வான்டேஜ் என்று தலைப்புப் போட்டபோது அந்தப் பெண் முன்பின் தெரியாத ஒருவருக்காகத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தாள், அதுவும் தன் வீட்டுக்கு எதிராக.

அதே விவரத்தின் கடைசி வரியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். விருந்தாளிகளுக்கு எந்த உதவி என்றாலும் தயங்காமல் கேட்கலாம் என்று சொல்ல நினைத்து, எந்த நேரத்திலும் என் பெற்றோரை 'டேக் அட்வான்டேஜ்' செய்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தாள். சலுகையை டேக் அட்வான்டேஜ் செய்யலாம், நல்ல வெயிலைச் செய்யலாம். மனிதரைச் செய்தால் அவர் இளிச்சவாயர் என்று பயன்படுத்திக்கொள்வது, இன்னும் மோசமான பொருளும் உண்டு. விளக்கியதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள்.

சொல் மட்டும் என்றில்லை, மரபுத்தொடர்களிலும் இதே கூத்துதான். டபுள்-எட்ஜ்டு ஸ்வார்டு இல்லாமல் சேலத்தில் இப்போது யாரும் கட்டுரை தொடங்குவதில்லை. செயற்கை நுண்ணறிவு ஓர் இருமுனைக் கத்தி, சுற்றுலா ஓர் இருமுனைக் கத்தி, ஆன்லைன் வகுப்பு ஓர் இருமுனைக் கத்தி. திருத்துகிறவர்களுக்கு இது மனப்பாடம் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும், அது வேறு கதை. ஏற்காடு குளுகுளு என்று இருக்கும், ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு மலை இறங்க வேண்டும் என்பது இருமுனைக் கத்தி ஆகாது. அவை சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்கள். விடுமுறை நாளில் ஹோம்ஸ்டேக்குப் பணம் கொண்டுவரும் அதே கூட்டம்தான் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகளை நிறுத்திவைத்து, உள்ளூர்க்காரரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் செய்கிறது. வெட்டுவது அங்கே ஒரே கத்தி. மிக்ஸ்டு பிளெஸிங் இதிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும். வேண்டிக் கிடைத்த வரத்தில் வில்லங்கமும் கலந்து வருவது. அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு மார்ச், ஏப்ரலில் வரும் மழை அப்படி. எஸ்டேட்காரர்கள் பிளாசம் ஷவர் என்பார்கள், அது பெய்தால்தான் காபி பூக்கும். பூ விரிந்திருக்கும் நேரத்தில் இன்னொரு மழை அடித்தால் மகரந்தம் கெட்டுக் காய்ப்பு போய்விடும். வானத்தைப் பார்த்து மகிழ்வதா திட்டுவதா என்று அந்த நாட்களில் அவருக்கே தெரியாதாம்.

கெடுதல் வேடத்தில் வரும் நன்மையான பிளெஸிங் இன் டிஸ்கைஸும், கஷ்டத்திலும் தெரியும் நல்ல கீற்றான சில்வர் லைனிங்கும் இன்னும் கவனமாகத் தொட வேண்டியவை. கறுத்த மேகம் தன் வெள்ளி உள்துணியைக் காட்டுவதாக மில்டன் 1634-ல் எழுதியதிலிருந்து இரண்டாவது புறப்பட்டது. இரண்டையும் கஷ்டப்பட்டவரே பிறகு சொல்லிக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்கிறவர் அன்றைக்கே சொன்னால் எரிச்சல்தான் மிஞ்சும். வேலை போன நண்பனுக்கு இன் டிஸ்கைஸ் என்று மெசேஜ் போட்டு, அவன் பதிலே போடாததை ஒரு மாணவன் என்னிடம் வந்து முறையிட்டிருக்கிறான். தமிழில் அவனிடம் "எல்லாம் நன்மைக்கே" என்று அன்றைக்கே சொல்லியிருப்பாயா என்று கேட்டேன். அடிக்க வந்திருப்பான் மேம் என்றான்.

எண்ணிக்கையும் எடையும்

விஞ்சுகின்றனவா என்ற கேள்விக்கு வருவோம். ஆங்கிலத்தில் அது அவுட்வெய், அதாவது எடை. நம் பிள்ளைகள் அதை எண்ணிக்கையாகவே படிக்கிறார்கள். நன்மை மூன்று, தீமை இரண்டு, ஆகவே விஞ்சுகிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் வீட்டுப் பெண்ணிடம், கொலுசுக்கு விலை போடும்போது சலங்கையை எண்ணுவார்களா என்று கேட்டேன். எண்ணுவதில்லை, தராசில்தான் வைப்போம் என்றாள். வகுப்பில் அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு பத்தித் தாளுக்குப் பிரபலமான முன்னோடி பெஞ்சமின் பிராங்க்ளின். 1772 செப்டம்பரில், ஷெல்பர்ன் பிரபு தந்த வேலையை ஏற்பதா என்று குழம்பிக்கொண்டிருந்த விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரி, ஒரு பக்கம் ப்ரோ, மறுபக்கம் கான். மூன்று நான்கு நாள் தோன்றுவதை எல்லாம் குறித்துக்கொண்டே வா. பிறகு எடை பார், சமமான இரண்டை இரு பக்கமும் அடித்துவிடு, ஒரு ப்ரோ இரண்டு கானுக்குச் சமம் என்றால் மூன்றையும் அடி. எஞ்சியது எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள். வேலையை ஏற்பதா வேண்டாமா என்று அவர் பிரீஸ்ட்லிக்குச் சொல்லவில்லை, அடுத்த ஆண்டு பிரீஸ்ட்லி அந்த வேலைக்குப் போனார். குணம்நாடிக் குற்றமும் நாடி என்று இங்கே யாராவது ஆரம்பிப்பீர்கள் என்று தெரியும். தாராளமாக ஆரம்பியுங்கள், ஆனால் அடுத்த அடியில் வரும் 'மிகைநாடி'யில் கொஞ்சம் நில்லுங்கள். அங்கேயும் எண்ணச் சொல்லவில்லை.

பிராங்க்ளினின் ப்ரோவும் கானும்கூடத் தாளில் இருக்கும் மற்றச் சொற்களோடு சேராது. அவை ஒரு முடிவுக்கு ஆதரவாகவும் எதிராகவும் வரும் வாதங்கள், ஒரு பொருளின் குணங்கள் இல்லை. கனடா போவதற்கு ப்ரோவும் கானும் உண்டு. கனடாவின் குளிருக்குக் கிடையாது, அதை நீங்கள் முடிவு செய்யப்போவதில்லை.

இந்த மாதிரித் தாள்களில் எனக்குப் பிடித்தது சார்லஸ் டார்வின் 1838-ல் எழுதியது. வயது 29, கல்யாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று இரண்டு பத்தி. வேண்டாம் பக்கத்தில் நினைத்த இடத்துக்குப் போகும் சுதந்திரம், புத்தகத்துக்குப் பணம் குறையும், நேரம் வீணாகும். வேண்டும் பக்கத்தில் குழந்தைகள், முதுமையில் ஒரு துணை, எப்படியும் நாயைவிட மேல். கடைசியில் கல்யாணம் என்று மூன்று தரம் எழுதிக் கணக்கு நிரூபிக்கப்பட்டதுபோல் முடித்து, 1839 ஜனவரியில் எம்மாவை மணந்தார். தாளைப் படிக்கிறவருக்கு முடிவு கடைசி வரியில் வருவதாகத் தோன்றாது. 'எப்படியும்' என்ற அந்த ஒரு சொல்லிலேயே மனிதர் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கிறார்.

நான் சொல்ல வந்தது இதுதான். தீர்ப்பைக் கடைசிப் பத்தியில் எழுதுவதாக மாணவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டிராபேக் என்று எழுதிய இடத்திலேயே கட்சி தெரிந்துவிட்டது. ஸ்னாக் என்றால் சரிசெய்துகொள்ளலாம் என்கிறீர்கள், கேட்ச் என்றால் எதிராளியை நம்பவில்லை, பிட்ஃபால் என்றால் அந்தப் பாதையில் எப்படியும் போகத்தான் போகிறோம் என்கிறீர்கள். இவற்றை மாற்றி மாற்றிப் போட்டால் பத்திக்குப் பத்தி வேறு வேறு ஆள் பேசுவான். மூன்றாம் பத்தியில் பேசிய ஆளுக்கும் முடிவுரையில் பேசும் ஆளுக்கும் அறிமுகமே இருக்காது.

செவ்வாய்ப்பேட்டையில் வகுப்பு எடுக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். தட்டுவடை செட் தின்றுகொண்டே பொறுமையாகக் கேட்டார். "மேடம், என்கிட்ட வர்றவங்களுக்குப் பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கும். ஒரே சொல்லை அஞ்சு தரம் எழுதுறவனைவிட, தப்பான இடத்தில் அஞ்சு சொல் எழுதுறவன் கொஞ்சம் மேலேதான் வாங்குவான். உங்க ஆளு எந்தக் கட்சின்னு திருத்துறவர் பார்க்க மாட்டார்" என்றார். பரீட்சையைப் பொறுத்தவரை இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தப்பான இடத்தில் விழுந்த சொல்லையும் சொல்வளத்தில்தான் கணக்குப் பார்ப்பார்கள், அவர் நினைப்பதுபோல் அது இலவசம் இல்லை என்று மட்டும் சொன்னேன். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை உங்களுக்கு என்று அவர் சிரித்தார். ஆங்கிலத்தில் கேக்கை வைத்துக்கொண்டே தின்னவும் வேண்டும் என்பதை ஜான் ஹேவுட் 1546-லேயே பழமொழித் தொகுப்பில் சேர்த்துவிட்டார் என்று நானும் பதிலுக்கு அளந்தேன். செட்டுக்குப் பணம் அவர்தான் கொடுத்தார்.

என் வகுப்பில் இப்போது அந்தத் தாளுக்குத் தடை இல்லை. தடை போட்டால் போனில் ஒளித்துவைத்துப் படிப்பார்கள். ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் யார் சொல்கிறார், யாரிடம், அவருக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று பென்சிலில் எழுதச் சொல்கிறேன். தாளில் இடம் போதாமல் பின்பக்கத்துக்கும் போகிறார்கள். ஏற்றுமதி ஆபீஸ் பையன் டிராபேக்குக்கு எதிரே, ஓனர் சொல்வது, பேங்க்கிடம், வேண்டும் என்று எழுதியிருந்தான். அதைச் சரி என்று திருத்திக் கொடுத்தேன். அதே சொல்லை வீட்டு புரோக்கர் சொன்னால் என்ன வரும் என்று கீழே இன்னொரு வரி கேட்டிருக்கிறேன்.